துடைப்பதா, திறப்பதா, விட்டுவிடுவதா? பழைய ரேஞ்ச்ஃபைண்டரின் கண்ணைப் பற்றி

1950 ஏப்ரலில் ரமணாசிரமத்தின் சிறிய அறையொன்றில் ரமண மகரிஷியின் கடைசி நாட்கள் கழிந்தன. இடக்கையில் வந்த புற்றுக்கட்டிக்கு நான்கு முறை அறுவை செய்தும் பலனில்லை. ஏப்ரல் 14 இரவு 8.47க்கு அவர் மறைந்தார். அந்த நாட்களில் திருவண்ணாமலையில் தங்கி அவரைப் படமெடுத்தவர்களில் பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸானும் ஒருவர். 1947-ல் மேக்னம் என்ற புகைப்படக் கூட்டுறவைத் தொடங்கியவர்களில் ஒருவர்; 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைப் படமெடுத்தவர். ஃபிளாஷை அறவே தவிர்த்தவர். அவர் கையில் இருந்தது லைக்கா.

எந்த லைக்கா என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியம். படத்தின் எல்லையைக் காட்டும் ஜன்னலையும் தூரத்தை அளக்கும் ஜன்னலையும் ஒன்றாக்கிய லைக்கா எம்3 1954-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய, 1950-ல் அவர் கையில் இருந்ததைப் போன்ற லைக்காக்களில் இரண்டும் தனித்தனி. ஒரு துளையில் கண்ணை வைத்து இரண்டாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாக்க வேண்டும். பிறகு பக்கத்துத் துளைக்குக் கண்ணை நகர்த்திச் சட்டகம் பார்க்க வேண்டும். 1938-ல் வந்த மூன்று-பி மாடல் இரண்டு துளைகளையும் அருகருகே கொண்டுவந்தது, ஒன்றாக்கவில்லை. இன்று திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையிலும் தேரடி வீதியிலும் படமெடுக்க ஃபிலிம் கேமராவைத் தேடி வாங்கும் இளைஞர்களின் கைக்கு வருபவை அந்த லைக்காக்களும், அவற்றின் வழிவந்த ஃபெட், ஜோர்க்கி போன்ற சோவியத் கேமராக்களும், 1966-ன் யாஷிகா எலெக்ட்ரோ 35, 1972-ன் கேனனெட் கியூஎல்17 ஜி-3 போன்ற ஜப்பானியக் கேமராக்களும்தான். வாங்கிய அன்றே எல்லோரும் சொல்லும் குறை ஒன்று: உள்ளே பார்த்தால் மங்கலாக இருக்கிறது, இரட்டை பிம்பம் தெரியவே இல்லை.

இதற்கு மூன்று ஆலோசனைகள் கிடைக்கின்றன. சேகரிப்பாளர் "தொடாதே" என்கிறார். தெருவில் படமெடுப்பவர் "தூரத்தை மதிப்பிட்டு எடு, ஃபைண்டர் எதற்கு" என்கிறார். கைவேலையில் நம்பிக்கை உள்ளவர் "மேல்மூடியைக் கழற்று, எல்லாவற்றையும் துடை" என்கிறார். மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றையும் அப்படியே ஏற்றால் மூன்றும் கேமராவைக் கெடுக்கும். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

தூரத்தை அளக்கும் அமைப்பான ரேஞ்ச்ஃபைண்டருக்கு முகத்தில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றின் வழியே வரும் ஒளி நேராகக் கண்ணுக்கு வருகிறது. மற்றொன்றின் வழியே வரும் ஒளி ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, வழியில் சாய்வாக நிற்கும் அரைப்பூச்சுக் கண்ணாடியில் மோதி முதல் பிம்பத்தின் மேல் விழுகிறது. அந்த அரைப்பூச்சுக் கண்ணாடி ஒளியில் ஒரு பகுதியை உள்ளே விடும், ஒரு பகுதியைத் திருப்பும். லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்விளிம்பு ஒரு சிறு நெம்பை அழுத்துகிறது. நெம்பு அசைய, இரண்டாம் பிம்பம் பக்கவாட்டில் நகர்கிறது. இரண்டும் பொருந்துமிடத்தில் லென்ஸ் சரியான தூரத்தில் நிற்கிறது.

இந்த அமைப்பில் அழுக்கு மூன்று வழிகளில் சேர்கிறது. கோடையில் திருவண்ணாமலையின் வெயிலில் காய்ந்த கேமராவில், உள்ளே தடவிய பழைய கிரீஸின் எளிதில் ஆவியாகும் பகுதி கிளம்பிக் கண்ணாடிகளின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிப் பூஞ்சை முளைக்கிறது. தோல் உறையிலேயே பூட்டி வைத்தால் இன்னும் வேகமாக. மூன்றாவது அழுக்கே அல்ல: அரைப்பூச்சுக் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு வயதாகித் தேய்ந்து போவது. முதல் இரண்டையும் துடைத்து நீக்கலாம். மூன்றாவதைத் துடைத்தால் மிச்சமிருப்பதும் போகும். வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்றும் ஒரே மங்கலாகத்தான் தெரிகின்றன. பெரும்பாலான சேதம் இந்தக் குழப்பத்தில் தொடங்குகிறது.

"தொடாதே" என்பவரின் நியாயம்

சேகரிப்பாளரின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. நம் கற்கோயில்களில் மணல் வீசிச் சுத்தம் செய்தபோது எண்ணெய்ப் பிசுக்கோடு கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்த கதையை அறிந்தவர்களுக்கு, சுத்தம் செய்வதும் அழிவாக முடியலாம் என்பதை விளக்க வேண்டியதில்லை. எம்3-ன் உள்ளே இருக்கும் ஒளிபிரிக்கும் பட்டகம் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டப்பட்டது. எழுபது வயதைத் தாண்டிய பிசின் ஓர் அதிர்ச்சியில் விட்டுப்போகலாம், ஃபைண்டரே இருண்டுவிடும். அத்தகைய கேமராவை ஆர்வக்கோளாறில் திறப்பவர் திருத்துவதைவிடக் கெடுக்கும் வாய்ப்பே அதிகம்.

ஆனால் "தொடாதே" என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பூஞ்சை காத்திருக்காது. அது கண்ணாடியின் மேல் படரும்போதே அமிலத்தைச் சுரக்கிறது. நாளடைவில் கண்ணாடியையே அரித்துவிடுகிறது. அரித்த பிறகு எந்தத் திரவத்தாலும் அந்தத் தடத்தை நீக்க முடியாது. ஆக, தொடாமல் வைப்பதும் ஒரு செயல்தான். அதற்கும் விலை உண்டு. கேமராவை அலமாரியில் வைக்க மட்டுமே வாங்கியவருக்குக்கூட, பூஞ்சை கண்ட பிறகு இந்த ஆலோசனை செல்லாது.

"மதிப்பிட்டு எடு" என்பவரின் நியாயம்

கார்த்தியே பிரெஸ்ஸானின் பெயரைச் சொல்லி இந்த வாதத்தை அடிக்கடி முன்வைப்பார்கள்: தெருவில் அவர் தூரத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டு எடுத்தார், நாமும் அப்படியே செய்யலாம். பகல் வெளிச்சத்தில் இது முழுக்கச் சரி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/8, தூரம் 3 மீட்டர். 35 மி.மீ. ஃபிலிமுக்கு வழக்கமாகக் கொள்ளும் 0.03 மி.மீ. மங்கல் வட்ட அளவில், ஏறக்குறைய 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். கண் மதிப்பீடு போதும்.

இப்போது அதே கேமராவை நிழலான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆயிரங்கால் மண்டபத்தின் விளிம்பு, ஆசிரமத் தாழ்வாரம், மாலை வேளையின் மடத்துத் திண்ணை. எஃப்/3.5-க்குத் திறந்தால் 3 மீட்டரில் கிடைக்கும் கூர்மை 2.66-லிருந்து 3.43 வரை. யாஷிகா எலெக்ட்ரோவின் 45 மி.மீ. லென்ஸை எஃப்/1.7-க்குத் திறந்து 1.5 மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால் முன்னும் பின்னும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் மிச்சம். மூக்குக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரமே அதைவிட அதிகம். இங்கே மதிப்பீடு உதவாது. ஃபிளாஷ் போடாமல் ஒரு சிறிய அறையில் மனிதரை எடுக்க விரும்புகிறவருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் தவிர வேறு வழியில்லை.

தவறான ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத ரேஞ்ச்ஃபைண்டரைவிட மோசம் என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. வெகுதூரத்துப் பொருளில் இரட்டை பிம்பம் பொருந்தும்போது லென்ஸின் அளவுகோல் முடிவிலிக் குறியில் நிற்க வேண்டும். அதற்குப் பதில் 20 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சிறிய பிசகு. ஆனால் அந்தப் பிசகோடு 3 மீட்டரில் உள்ளவரின் கண்ணில் பிம்பத்தைப் பொருத்தினால் லென்ஸ் உண்மையில் 2.61 மீட்டரில் நிற்கும். எஃப்/8-ல் கூர்மை 3.48 மீட்டர் வரை நீள்வதால் தப்பிக்கலாம். எஃப்/3.5-ல் அது 2.93 மீட்டரிலேயே முடிகிறது. நம் பக்கம் நீட்டிய கை கூர்மையாகவும் கண் மங்கலாகவும் விழும். எடுத்தவர் லென்ஸைக் குறை சொல்வார். குற்றம் ஃபைண்டரில் இருக்கும்.

எனவே இந்த இரண்டாவது ஆலோசனை வெயில் நேரத்துத் தெருவுக்கு மட்டும் செல்லும். ஃபைண்டரைச் சரிசெய்யாமல் இருப்பதற்கு அது சாக்காக முடியாது.

"எல்லாவற்றையும் துடை" என்பவரின் நியாயம்

இவர் சொல்வதில் பாதி பொன்னானது. மங்கலான ஃபைண்டரின் வெளிக் கண்ணாடிகளையும் உட்புறப் படலத்தையும் துடைத்தாலே பல கேமராக்கள் புதிதாகிவிடுகின்றன. கேடு வருவது "எல்லாவற்றையும்" என்ற சொல்லில். எதைத் துடைக்கலாம், எதைத் துடைக்கக் கூடாது என்பதைத் தீர்மானிப்பது கேமராவின் அமைப்பு. சட்டகம் பார்க்கும் ஜன்னலும் தூரம் அளக்கும் ஜன்னலும் தனித்தனியா, ஒன்றா? என் பார்வையில் இதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி.

தனித்தனியாக உள்ள பழைய லைக்காவில் சட்டக ஜன்னல் என்பது முன்னும் பின்னும் இரண்டு லென்ஸ்கள் மட்டுமே. நடுவில் வெள்ளிப் பூச்சு எதுவும் இல்லை. உட்புறத்தைத் தொட மேல்மூடியைக் கழற்ற வேண்டியிருந்தாலும், கழற்றிய பின் துடைக்கும் கண்ணாடி வெறும் கண்ணாடி. ப்ளோயரால் தூசியை ஊதிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த இயர்பட்ஸால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுற்றித் துடைத்தால் போதும். பக்கத்திலுள்ள அளக்கும் பகுதியைத் தொடவே வேண்டாம்.

ஜோர்க்கி-4, யாஷிகா, கேனனெட், எம்3 ஆகியவற்றில் இரண்டும் ஒன்று. சட்டக ஜன்னலைத் துடைக்க உள்ளே போனால் வழியிலேயே ஒளி பிரிக்கும் கண்ணாடி நிற்கிறது. இங்கே கட்டுப்பாடு வேண்டும். ஜப்பானியக் கேமராக்களில் மேல்மூடியோடு வரும் முன்கண்ணாடியின் உட்புறத்திலும் கண் வைக்கும் துளையின் உட்புறத்திலும்தான் படலம் பெரும்பாலும் படிந்திருக்கும். அவ்விரண்டையும் துடைத்து, அரைப்பூச்சுக் கண்ணாடிக்கு ப்ளோயர் காற்றோடு நிறுத்திக்கொண்டாலே தெளிவில் பெரும்பகுதி திரும்பிவிடும். பிளாஸ்டிக் பாகம் இருக்குமிடத்தில் அசிட்டோன் படவே கூடாது. வீட்டு ஜன்னலுக்கு வாங்கும் அமோனியா கலந்த திரவமும் வேண்டாம். பூச்சுகளை அது கெடுக்கும்.

பூச்சு ஏற்கெனவே தேய்ந்து இரட்டை பிம்பம் வெளிறிப் போயிருந்தால்? அதற்கும் கையோடு செய்யக்கூடிய, வேண்டாமென்றால் எடுத்துவிடக்கூடிய உபாயம் உண்டு. ஃபைண்டரின் முன்கண்ணாடியில் நடுவிலுள்ள அளக்கும் கட்டத்துக்கு நேராக ஒரு சிறு துண்டு கறுப்பு டேப் ஒட்டினால், அங்கே நேர் ஒளி குறைந்து, பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் வெளிறிய பிம்பம் எழுந்து தெரியும். சட்டகத்தின் நடுவில் ஒரு இருண்ட புள்ளியைச் சகிக்க வேண்டும். அழகில்லை, ஆனால் கேமராவுக்கு எந்தக் கேடும் இல்லை. மாற்று அரைப்பூச்சுக் கண்ணாடி கிடைத்து, பொருத்தத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கும் வரை இதுவே சரியான வழி.

சரிசெய்வது: கோபுரமும் கலசமும்

துடைத்ததோடு வேலை முடியவில்லை. மூடியைக் கழற்றி மாட்டியதிலேயே பொருத்தம் பிசகியிருக்கலாம். சரிபார்க்க ஒரு நல்ல தூர இலக்கு வேண்டும். எவ்வளவு தூரம்? மூன்று-பி போன்ற பழைய லைக்காவின் இரண்டு அளக்கும் ஜன்னல்களுக்கும் இடைவெளி 39 மி.மீ.; பெருக்கம் ஒன்றரை மடங்கு. 200 மீட்டரில் உள்ள பொருளை அது பார்க்கும் கோண வித்தியாசம், பெருக்கத்தையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு ஆர்க் நிமிடம். சாதாரணக் கண் பிரித்தறியும் எல்லையும் அதுதான். கோடுகளைப் பொருத்திப் பார்க்கும்போது நம் கண் அதைவிடவும் நுட்பமானது. ஆகவே 200 மீட்டர் போதாது. அரை கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் முடிவிலி என்று நம்பலாம்.

திருவண்ணாமலையில் இருப்பவர் இதில் கொடுத்துவைத்தவர். கோயிலின் 217 அடி உயர, பதினொரு நிலை ராஜகோபுரத்தை அதன் வாசலில் நின்று பார்த்தால் இலக்காகாது, மிக அருகில். மலையேறி ஸ்கந்தாசிரமம் பக்கத்திலிருந்து கீழே பார்த்தால் நான்கு திசைக் கோபுரங்களும் தெரியும். காலை வெயில் ஏறி வெப்பக் காற்று நடுங்கத் தொடங்குவதற்கு முன் அங்கே நின்று கோபுரத்தைப் பாருங்கள். உச்சியில் நிற்கும் கலசத்தின் மெல்லிய நுனி, பக்கவாட்டுப் பிசகை உடனே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு நிலையையும் பிரிக்கும் கிடைக்கோடுகள் மேல்கீழ்ப் பிசகைக் காட்டும். சோதனைக்கென்று அட்டையில் கோடு வரைய வேண்டிய தேவையே இல்லை.

இரண்டு பிசகும் ஒரே எடை உள்ளவை அல்ல. பக்கவாட்டுப் பிசகு பொய் சொல்கிறது. லென்ஸைத் தவறான தூரத்தில் நிறுத்துகிறது. மேல்கீழ்ப் பிசகு தூரத்தை மாற்றாது. கண்ணைத் தடுமாற வைக்கும், அவ்வளவே. நேரம் குறைவென்றால் முதலாவதைச் சரிசெய்யுங்கள். பழைய லைக்காவிலும் சோவியத் கேமராக்களிலும் முன்முகத்தில் ஒரு சிறு மூடி ஸ்க்ரூவுக்குப் பின்னால் முடிவிலி ஸ்க்ரூ இருக்கும். லென்ஸைக் கழற்றாமலே திருப்பலாம். மேல்கீழுக்கு வட்ட ஜன்னலில் உள்ள ஆப்பு வடிவக் கண்ணாடியைச் சுழற்ற வேண்டும். அது பிம்பத்தை வட்டத்தில் நகர்த்துவதால் பக்கவாட்டையும் கலைத்துவிடும். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதைப் பார்த்து, மறுபடி முதலாவதைத் திருத்த வேண்டும். பொறுமையில்லாதவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

கோபுரத்தைப் பார்த்துப் பொருத்தியவுடன் நிம்மதியாகிவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். ரேஞ்ச்ஃபைண்டரும் லென்ஸ் அளவுகோலும் ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அது காட்டுகிறது. லென்ஸே பிசகியிருந்தால் இரண்டும் சேர்ந்து பொய் சொல்லும். பின்மூடி கழலும் ஃபெட்-2, ஜோர்க்கி-4-லும், திறக்கும் கேனனெட்டிலும் ஃபிலிம் பதியும் தண்டவாளத்தின் மேல் தேய்த்த கண்ணாடியையோ டிரேசிங் பேப்பரையோ இறுக்கிப் பதித்து, ஷட்டரை 'பி'-ல் திறந்து, உருப்பெருக்கியால் கலசத்தின் பிம்பத்தைப் பார்க்க முடியும். அடியில் ஃபிலிம் போடும் பழைய லைக்காவில் இதற்கு வழியில்லை. ஒரு ஃபிலிம் ரோலைச் செலவழித்தே சோதிக்க வேண்டும். அருகிலும் பார்ப்பது கட்டாயம்: ஒரு மீட்டரில் நிறுத்திய அளவுநாடாவைச் சாய்வாக வைத்து, முழுத் திறப்பில் எடுத்து, எந்த எண் கூர்மையாக விழுகிறதென்று பார்க்க வேண்டும். முடிவிலியில் சரியாகவும் ஒரு மீட்டரில் தவறாகவும் இருந்தால் பிசகு நெம்பில். அதை வளைத்துச் சரிசெய்வது வீட்டு மேசையில் செய்யும் வேலை அல்ல.

தீபம் ஒரு நடுவர்

கார்த்திகை தீபத்தன்று மாலை மலையுச்சியில் ஏற்றும் தீபம் பதினொரு நாள் எரியும். ஊரிலிருந்து பார்ப்பவருக்கு அது கரும்பரப்பில் ஒரே ஒளிப்புள்ளி. தூரமோ எந்த ரேஞ்ச்ஃபைண்டருக்கும் முடிவிலி. பகலில் கலசம் காட்டாத ஒன்றை அது காட்டும். ஃபைண்டரில் படலம் இருந்தால் சுடரைச் சுற்றி ஒளிவட்டம் பரவும். படலம் நீங்கியிருந்தால் சுடர் சுடராகவே நிற்கும். பொருத்தம் பிசகியிருந்தால் இரண்டு சுடர்கள். பக்கவாட்டிலா மேல்கீழா என்று அதே கணத்தில் தெரியும். துடைத்ததையும் சரிசெய்ததையும் ஒரே பார்வையில் சோதிக்க இதைவிட நல்ல கருவியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மழையும் ஈரமும் உச்சத்தில் இருக்கும் அதே மாதம் என்பதால், படியத் தொடங்கும் பூஞ்சையையும் அந்த ஒளிவட்டம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

தீர்ப்பு

மூன்று ஆலோசனைகளில் எதுவும் முழுமையாக வெல்லவில்லை. நான் கைக்கொள்ளும் அளவுகோல் இரண்டு: செய்ததைத் திரும்பப் பெற முடியுமா? செய்யாவிட்டால் இழப்பு வளருமா? இவற்றால் நிறுத்தால் முடிவு தெளிவாகிறது.

கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைப்பதும், வெளியிலிருந்தே எட்டும் ஸ்க்ரூவால் முடிவிலியைச் சரிசெய்வதும் ஒவ்வொரு உரிமையாளரின் கடமை. பூஞ்சை கண்டால் மேல்மூடியைத் திறந்தே ஆக வேண்டும்; தள்ளிப்போடுவது பாதுகாப்பு அல்ல. ஜன்னல்கள் தனித்தனியாக உள்ள கேமராவில், அதன் திருகுகளுக்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரும் நிதானமும் உள்ளவர் தாமே செய்யலாம். ஜன்னல்கள் ஒன்றான ஜப்பானியக் கேமராவிலும் சோவியத் கேமராவிலும் இரு முனைக் கண்ணாடிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எம்3-ஐத் தேர்ந்த கைகளிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். அரைப்பூச்சுக் கண்ணாடியை யாரும், எந்தத் துணியாலும், எந்தத் திரவத்தாலும் துடைக்கக் கூடாது. தேய்ந்திருந்தால் டேப் ஒட்டுங்கள், அல்லது மாற்றுங்கள். துடைத்தபின் தோல் உறையைத் தனியே எடுத்துவிட்டு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு கேமராவை வையுங்கள்.

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரமோ துணிவோ இருக்கிறதென்றால், துடைப்பதைவிட முடிவிலியைச் சரிபார்ப்பதையே முதலில் செய்யச் சொல்வேன். மங்கலான ஃபைண்டர் தன் குறையை மறைப்பதில்லை. பார்ப்பவர் எச்சரிக்கையாக இருப்பார். தெளிவாகத் தெரிந்துகொண்டே தவறான தூரத்தைச் சொல்லும் ஃபைண்டர், நம்மை நம்பி முன்னால் அமர்ந்த மனிதரின் முகத்தைத் திரும்ப எடுக்க முடியாதபடி கெடுத்துவிடும். அளவுநாடாச் சோதனையில் தேறும் வரை எந்தப் பழைய ரேஞ்ச்ஃபைண்டரையும் ஒரு மனிதரின் முகத்துக்கு நேராகத் தூக்கக் கூடாது.